குறைமாதச் சிசுவும் கண் பரிசோதனையும்

மாதம் நிறையுமுன் பிறந்த சிசு ஆஸ்பத்திரியினின்று வீடு திரும்பியதும், கண்டம் நீங்கிற்று என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணத்தினால் பார்வையை இழந்த குழந்தைகள் உண்டு.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே முழுவதும் பரவுகின்றன. முந்திப் பிறந்த சிசுவிற்கு அவை நடுவில் நின்று, பின்னர் தாறுமாறாக வளர்ந்து, திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். வெளிப்பார்வைக்குக் கண் நன்றாகவே தோன்றும். ஆதலின் குழந்தை விளக்கைப் பார்க்கிறதென்று பாட்டிமார் கூறும் சாட்சியம் இங்குச் செல்லாது.

34 வாரத்திற்கு முன்னரோ, 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த சிசுவிற்கு 30 நாட்களுக்குள் முதற் பரிசோதனை நடைபெறல் வேண்டும். 28 வாரத்திற்கு முற்பட்டதாயின் இரண்டு மூன்று வாரங்களிலேயே செய்வர். ஒரு தடவையோடு இது முடிவதன்று; குழாய்கள் திரையின் ஓரத்தை எட்டும்வரை டாக்டர் குறித்த தேதிகளில் போதல் அவசியம். கூலி போகுமே, பஸ் இல்லையே என்று ஒரு வாரம் தள்ளினால், லேசர் சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடலாம்.

பிறந்த எடை, வாரக்கணக்கு, பிராணவாயு கொடுத்த விவரம் ஆகியன கண்ட சீட்டைக் கையோடு கொண்டு செல்க. வழியில் சிசுவைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்திருத்தல் குளிரைத் தடுக்கும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னரே பாலூட்டி முடித்துவிடுக. வயிறு நிறைந்திருப்பின் வாந்தியெடுக்கும். கருமணி விரியச் சொட்டு மருந்து விடுவர். சிசு அழத்தான் செய்யும்.

தாய்வீட்டில் பிரசவித்தவர் புருஷன் ஊருக்குத் திரும்புங்கால், அடுத்த பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியில், எத்தேதியில் என்பதைப் புறப்படுமுன் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.