விபத்துக் காயமும் நஷ்ட ஈடும்

தென்னை மரமேறும் தொழிலாளி ஒருவர் காலையில் தோப்புக்குப் போகும் வழியில், பின்னால் வந்த வேன் மோதி முழங்கால் எலும்பு முறிந்து விழுகிறார் என்று கொள்வோம். வாகனச் சொந்தக்காரர் பக்கத்து ஊர்க்காரர்; எல்லோருக்கும் தெரிந்தவர். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, வைத்தியச் செலவுடன் இருபத்தையாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்துப் பெற்று விவகாரத்தை முடித்து வைக்கிறார்கள். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் காரியமே இது. ஆயினும் அந்தக் காலின் மதிப்பு என்ன என்பதை அங்கே எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கிடும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். நஷ்ட ஈடு கேட்டால் தெரிந்த மனிதரின் குடும்பம் கெட்டுவிடும் என்று பலர் தயங்குகின்றனர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். இன்ஷூரன்ஸ் முறையாக இருக்குமானால் தொகையைச் செலுத்துவது கம்பெனியே. பக்கத்து ஊர்க்காரர் தம் நிலத்தை விற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களாகவும் இயங்கி வருகின்றன. விபத்து நடந்த இடத்திலோ, காயமடைந்தவர் வசிக்கும் இடத்திலோ மனுச் செய்து கொள்ளலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மேற்படி தொழிலாளியின் வயது 38. மாத வருமானம் 12,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர் நாற்பது வயதுக்கு உட்பட்டவரானால், பிற்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2017-இல் வகுத்த விதி. அதன்படி மாதம் 16,800 ரூபாய், ஆண்டுக்கு 2,01,600 ரூபாய் ஆகிறது. இதை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. (இருபத்தைந்து வயதுக்குள் 18, அறுபத்தைந்தைத் தாண்டினால் 5.) பெருக்கினால் வருவது 30,24,000 ரூபாய். சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்றோ, இத்தொகையில் அத்தனை சதவீதம் அவருக்குச் சேரும்.

இங்கேதான் கவனம் வேண்டும். மருத்துவர் குழு, உடல் முழுமைக்கும் ஊனம் 20 சதவீதம் என்று சான்று தருகிறது. அதை அப்படியே எடுத்துக் கொண்டால் கிடைப்பது 6,04,800 ரூபாய். ஆனால் மடங்காத முழங்காலுடன் மரம் ஏற முடியுமா? ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிற்று. இடது கையை இழந்த குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம். தச்சருக்கோ டிரைவருக்கோ அதுவே ஜீவனம் முழுவதும் போனதற்குச் சமம். ஆகவே நம் தொழிலாளியின் இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்குமானால் தொகை 18,14,400 ரூபாய். மாறாக, வருமான இழப்பை நிரூபிக்காமல் விட்டால், ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ஆயிரம் என்று மொத்தமாகக் கணக்கிடும் வழக்கமும் நம் மாநிலத்து நீதிமன்றங்களில் உண்டு. சதவீதத்துக்கு ஐயாயிரம் என்றால் ஒரு லட்சம் ரூபாயோடு முடிந்துவிடும். ஒரே கால், ஒரு லட்சமும் ஆகலாம், பதினெட்டு லட்சமும் ஆகலாம். வைத்தியச் செலவு, உதவியாள் செலவு, படுக்கையில் கிடந்த நாட்களின் கூலி, வலி வேதனை ஆகியவற்றுக்கான தொகை தனி.

வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் காகிதமே. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது போலீஸ் தொந்தரவுக்கு அஞ்சி, "தானாகவே விழுந்துவிட்டார்" என்று உறவினர் சொல்லிவிடுகின்றனர். விபத்துப் பதிவேட்டில் அவ்வாறே எழுதப்படுகிறது. பின்னர் கம்பெனி வக்கீல் முதலில் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். உண்மையை, வாகன எண் தெரிந்தால் எண்ணோடு, முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மருந்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். தோப்புக்காரர், வியாபாரி முதலியோர் கூலி கொடுத்ததற்குச் சாட்சி சொல்லலாம்; பால் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் புத்தகமும் உதவும். சொந்த நிலம் உடையவர்கள் ஒன்றை மறத்தலாகாது: நிலம் அப்படியே இருப்பதால் விளைச்சல் வருமானம் முழுவதையும் இழப்பாகக் கருத மாட்டார்கள். அவருடைய உழைப்பும் மேற்பார்வையும் போனதன் மதிப்பையே கருதுவார்கள். மாற்றாள் வைத்த செலவைக் காட்டுவது நலம்.

1-4-2022 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். காயம் ஆறட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. யார் குற்றம் என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெறும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக் கொண்டால் பெரிய தொகைக்கான மனு இல்லாமற் போகும். மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யவும். மோதிய வண்டி இன்னதென்று தெரியாமலே போய்விட்டால், 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் மரணத்துக்கு 2,00,000 ரூபாயும் உண்டு.

டிராக்டரின் மட்கார்டிலும் டிரெய்லரிலும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பழக்கம் நம் ஊர்களில் சாதாரணம். இவ்விதம் பயணம் செய்வோருக்குப் பொதுவாக இன்ஷூரன்ஸ் பொறுப்பாவதில்லை. விபத்து நேர்ந்தால் சுமை டிராக்டர் சொந்தக்காரர் தலையில் விழும். அவரிடம் பணமில்லையென்றால் காயமடைந்தவருக்குக் கிடைப்பது தீர்ப்பு நகல் மட்டுமே. நாற்று நடவுக்கு ஆள் ஏற்றுபவர்களிடம் பஞ்சாயத்தார் இதை எடுத்துச் சொல்லலாம்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட அல்லது வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலே இலவச உதவி கிடைக்கும். சமரசம் வேண்டுமென்றால் ஊர் மரத்தடியைவிட மக்கள் நீதிமன்றம் ஏற்ற இடம். அங்கே பேசி முடிக்கும் தொகைக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. ஆனால் அதன் மீது அப்பீல் கிடையாது. எனவே சம்மதிப்பதற்கு முன் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும்: எலும்பில் வைத்த தகட்டை எடுக்க மறுபடியும் ஆபரேஷன் வேண்டுமா, அதற்கு என்ன செலவாகும்? அந்தத் தொகையையும் அன்றே சேர்த்துக் கேட்க வேண்டும்.