‘இன்னையோட நிறுத்து’ என்பவர்களை நம்பாதீர்கள்

கர்ப்பிணி ஒருத்தி வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள் என்று தெரிந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "இன்னையோட நிறுத்து." என் மாமியார் சொன்னார். முதலில் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். மாமியார் படிக்காதவர், விட்டுவிடலாம். டாக்டரைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த முதுகுவலி. அதற்கு மெடிக்கலில் கொடுத்த டிரமடால். 2018இல் அந்த மாத்திரை போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்த பிறகும் எனக்குக் கிடைத்தது. எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஐந்தாம் மாதத்தில் மாமியார் அட்டைகளைத் தேடியெடுத்து அடுப்பில் போட்டார்.

அன்று ராத்திரியே கொட்டாவி மேல் கொட்டாவி. கண்ணும் மூக்கும் ஒழுகின. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, கால்கள் தானாக உதைத்துக்கொண்டன. வயிற்றுப்போக்கு வேறு. விடியற்காலையில் வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விட்டது. "தாங்கிக்க அம்மணி, புள்ளைக்காகத்தானே" என்றார். கேடே பிள்ளைக்குத்தான் என்று அவருக்கு யார் சொல்வது? தாய்க்கு மருந்து திடீரென நின்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் நிற்கிறது. குறைப்பிரசவத்தில்கூடப் போய் முடியலாம். தாங்க முடியாமல் திரும்ப மாத்திரையைத் தேடிப் போவது அதைவிட ஆபத்து. நிறுத்தி வைத்த நாட்களில் உடம்பு அதன் பழக்கத்தை இழந்திருக்கும். பழைய அளவே மூச்சை நிறுத்திவிடலாம். நானும் தேடிப் போனேன். 'திமிர்' என்று பேசிய சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அந்த ராத்திரி என் காலை அமுக்கிவிட வரவில்லை.

மகப்பேறு டாக்டர் மட்டும் போதாது, போதை வைத்தியம் தெரிந்த மனநல டாக்டரையும் பாருங்கள். எனக்குப் பழைய மாத்திரைக்குப் பதிலாகப் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். வித்ட்ராயல், அதாவது மருந்து நின்றதும் வரும் அந்த அவதி, லேசாகத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டு முன்பே போட்டால் அதுவே வித்ட்ராயலைக் கிளப்பிவிடும். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கினால் வீண். மாதம் ஏற ஏற டோஸையும் ஏற்றலாம், இரண்டாகப் பிரித்தும் தரலாம். அதைப் பார்த்து, "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

பிரசவத்துக்குப் போகும்போது கேஸ் ஷீட்டில் இரண்டு விஷயம் எழுத வையுங்கள். உங்களுக்கு வலிக்குப் பென்டாசோசின் ஊசி கூடாது, அது வித்ட்ராயலில் தள்ளிவிடும். குழந்தைக்குப் போதை மருந்தை முறிக்கும் நலாக்ஸோன் கூடாது, வலிப்பு வரலாம். எனக்குப் பென்டாசோசினை ஊசியில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார் நர்ஸ். நான் கத்தியதில் வார்டே எழுந்தது.

மகனுக்கு மூன்றாம் நாள் வித்ட்ராயல் தொடங்கியது. கீச்சென்ற அழுகை, கைநடுக்கம், விடாத தும்மல். முஷ்டியை வெறிகொண்டு சப்புவான், பால் கொடுத்தால் விழுங்கத் தெரியாது. பின்புறம் புண்ணாகிவிட்டது. உடனே அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தனி அறையில் வைத்தார்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் அட்டவணையில் மார்க் போட்டார்கள், லைட் அணையவே இல்லை. போராடித்தான் என்னிடம் வாங்கினேன். இருட்டு அறையில் மார்போடு அணைத்துப் படுக்க வைத்தேன், பால் கொடுத்தேன். நாத்தனார் அதை "விஷப்பால்" என்றார். டோஸ் சீராக இருந்து, வேறு போதை இல்லையென்றால் தாய்ப்பால் கொடுக்கலாம்; எச்.ஐ.வி. இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் வித்ட்ராயலும் தணியும்.

அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. பால் குடிக்கிறதா, தூங்குகிறதா, சமாதானமாகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்துப் பராமரித்த இத்தகைய குழந்தைகள் சராசரியாக 8.2 நாளில் வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டன. பழைய மார்க் முறையில் 14.9 நாள். நான் அடம்பிடித்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் எவ்வளவு அணைத்தும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சரியாக இல்லையென்றால் மார்ஃபின் சொட்டு கொடுக்க வேண்டி வரலாம். அப்போது தடுக்காதீர்கள்.

பிள்ளை பெற்ற கையோடு புப்ரெனார்ஃபினை நிறுத்தச் சொல்வார்கள். தூக்கம் கெட்டு, மனசு உடைந்து, பழைய மாத்திரைக்குத் திரும்பப் பலரும் போகிற காலம் அதுதான். "எப்ப நிறுத்துவே?" என்று போன வாரமும் நாத்தனார் போனில் கேட்டார். அவர் சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவார் என்று நானும் கேட்டேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.