வாசனை போய்விட்டதென்று கையெழுத்துப் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

பெரம்பலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். பெட்ரோல் பங்க் டேங்க் கசிந்து கெட்டுப்போன கிணறுகளைப் பார்ப்பதுதான் முதல் வேலை என்று படித்ததும், எனக்கு ஒரு கிணறு ஞாபகத்துக்கு வந்தது.

உன் வயதில் நெடுஞ்சாலை ஓரத்துக் கிணறு ஒன்றுக்குப் போனேன். தண்ணீரில் பெட்ரோல் வாடை வருவதாக அந்த வீட்டு அம்மா மனு கொடுத்திருந்தார். அது கார்த்திகை மாதம். நல்ல மழை பெய்து கிணறு ததும்பிக் கிடந்தது. ஒளி ஊடுருவும் குழாயை இறக்கி மொண்டு பார்த்தேன். மேலே எதுவும் மிதக்கவில்லை. வாடையும் இல்லை. ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சித்திரையில் அந்த அம்மா மறுபடி வந்தார். அதே குழாயை இறக்கினேன். தண்ணீருக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குப் பெட்ரோல் நின்றது. இடையில் ஐந்து மாதம் என் கையெழுத்தை நம்பி அந்தக் குடும்பம் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தது.

நடந்தது இதுதான். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது மண்ணின் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டு நீருக்கடியில் சிறைப்பட்டுவிடும். கோடையில் மட்டம் இறங்கியதும் வடிந்து வந்து மறுபடி மிதக்கும். அதனால் மழைக்காலத்து மாதிரி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதே. கோடை, மழை இரண்டிலும், குறைந்தது இரண்டு வருடமாவது பார்.

நீ பார்க்கவேண்டிய பெரம்பலூர், அரியலூர் இரு மாவட்டங்களும் ஒரே மாதிரி நிலம் அல்ல. பெரம்பலூரின் மேற்கே கடினப்பாறை. தண்ணீர் வெடிப்பு வழியேதான் ஓடும். பங்க்குக்கு அடுத்த கிணறு நன்றாக இருக்க, நாலு வயல் தள்ளி உள்ள கிணறு கெட்டுப்போகலாம். கிழக்கே அரியலூர்ப் பக்கம் பழைய கடல் விட்டுப்போன படிவங்கள், சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை கிராமத்துக்குப் போய் அந்தக் களிமண் ஓடைகளில் நடந்து பார். எந்த அடுக்கு நீரைத் தடுக்கும், எது விடும் என்பது கண்ணுக்கே தெரியும்.

சின்னக் கசிவுதானே என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல். நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எழுபது நடை. பென்சீன் புற்றுநோய் தரும் பொருள்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர் தண்ணீரில் பெட்ரோல் வந்தது. அங்கே கசிந்தது பங்க் டேங்க் அல்ல, பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் ஈடுபட்டார்கள். குழாயைச் சரிசெய்ய நாள் கணக்கு போதும், மண்ணுக்குள் இறங்கியதை வெளியே எடுக்க வருடக் கணக்கு வேண்டும் என்பதை அந்தத் தெருக்கள் நமக்குக் காட்டின. அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டேங்க் கசிவுகள் பதிவாகியுள்ளன. அவர்கள் கற்ற பாடமும் இதுதான்.

வேலை வரிசையை மாற்றாதே. முதலில் கசிவை நிறுத்து. பங்க்கின் தினசரி டிப் கணக்கையும் (டேங்க்கில் கோல் விட்டு அளந்த இருப்பு) விற்பனைக் கணக்கையும் அருகருகே வைத்துப் படி. தினமும் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால் டேங்க் கசிகிறது என்று அர்த்தம். அடுத்து மிதப்பதை வழித்தெடு. பிறகு மண்ணில் தங்கிய ஆவியை உறிஞ்சி எடு. நீருக்குள் காற்றைக் குமிழியாக விடு. மிச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்னும். ஆனால் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் தின்னப்படாமல் தூரம் போகும். பழைய புத்தகக் கணக்கை அப்படியே நம்பாதே.

சுற்றுவட்டார விவசாயிகளிடம் மும்முனைக் கரண்ட் எப்போது வருகிறது, யார் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேள். வெங்காயத்துக்கு ஓடும் ஒரு மோட்டார் மாசைத் தன் பக்கம் இழுத்துவிடும். நீர்மேல் பளபளப்புப் படலம் கண்டால் குச்சியால் கலைத்துப் பார். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் படலம். மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய்.

ஒன்று மட்டும் கட்டளையாகச் சொல்கிறேன். வாடை வரும் கிணற்றில் நீயும் இறங்காதே, தூர்வார யாரையும் இறங்கவும் விடாதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; அடியிலேயே தங்கும். பக்கத்தில் பீடி வேண்டாம், மோட்டார் சுவிட்ச் வேண்டாம். அன்றைக்கே அந்த வீட்டுக்கு வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய். ஆய்வறிக்கை வரும்வரை காத்திருக்காதே.

அறிக்கை எழுதி முடித்ததும் பேனாவை மூடும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்: இந்தத் தண்ணீரை என் வீட்டுப் பானையில் ஊற்றுவேனா? தயக்கம் வந்தால் கையெழுத்துப் போடாதே. சித்திரையில் மறுபடி போ. எனக்கும் ஒரு வார்த்தை சொல், கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்