உவர் வயலுக்கு ஊறவைத்த விதை

கேள்வி: வேதாரண்யம் பக்கம் கடைமடையில் எனக்கு மூன்று ஏக்கர் நிலம். சம்பா நேரடி விதைப்பு. முளைத்து இரண்டு இலை விட்டதும் திட்டுத் திட்டாக நுனி கருகி நாற்று செத்துவிடுகிறது. மண் காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கிறது. விதையை ஊறவைத்து விதைத்தால் பயிர் உப்பைத் தாங்கும் என்று கடையில் ஒரு பவுடர் பாக்கெட் தருகிறார்கள். ஆஸ்பிரின் மாத்திரையே போதும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எதை நம்புவது ஐயா?

பதில்: ஊறவைப்பதால் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலனில் நல்ல பங்கு தண்ணீருக்கே உரியது. விதை ஊறும்போதே உள்ளே முளைப்புக்கான வேலைகள் தொடங்கிவிடும். முளை எட்டிப் பார்க்குமுன் எடுத்து நிழலில் உலர்த்தினால் வேலை அங்கேயே நிற்கும். மண்ணில் ஈரம் பட்டதும் தொடரும். அதனால் முளைப்பு சீக்கிரமாகவும் சீராகவும் வரும். மேல்மண் காய்ந்து உப்பு ஏறுவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். உங்கள் நிலத்தில் சில நாள் முந்தினாலே பெரிய விஷயம்.

அப்படியானால் மருந்து எதற்கு? உப்பு பயிரை இரண்டு வழியில் அடிக்கிறது. வேர் தண்ணீர் இழுக்க முடியாமல் தடுக்கிறது. பிறகு சோடியம் உள்ளே ஏறி, பயிருக்கு வேண்டிய பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. இதன் விளைவாக இலைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை அளவுக்கு மீறிச் சேர்ந்து செல்சவ்வுகளை அரிக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், அதே ஹைட்ரஜன் பெராக்சைடில் மிகக் குறைந்த அளவில் விதையை ஊறவைத்தால், அதை முறிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் நாற்றில் முன்கூட்டியே கூடிவிடுகின்றன. சாலிசிலிக் அமிலம், கால்சியம் குளோரைடு ஆகியவற்றுக்கும் இதையொத்த பலன் உண்டு. நெல், கோதுமை, மக்காச்சோளம், தக்காளி என்று பல பயிர்களில் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் தொட்டியில். தொட்டியில் உப்பு ஒரே அளவாக இருக்கும். உங்கள் வயலில் பத்தடிக்கு ஒரு அளவு, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ஆஸ்பிரின் கதை அதன் உறவுப் பொருளான சாலிசிலிக் அமிலத்திலிருந்து கிளம்பியது. ஆய்வுகளில் பொதுவாகப் பயன்படும் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிகிராமோ அதில் பாதியோதான். அளவு கூடினால் முளைப்பே கெடும். மளிகைக்கடைத் தராசில் அதை நிறுக்க முடியாது. விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது பழைய, மலிவான வழி: ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல், அதாவது உரக்கடைப் பொட்டாஷ். வேளாண்மைப் பல்கலைக்கழகம் நேரடி நெல் விதைப்புக்கு வறட்சியை மனதில் வைத்துப் பரிந்துரைப்பது. லிட்டருக்கு 10 கிராம். ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல். 16 மணி நேரம். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்றால் 300 கிராம் பொட்டாஷ், அவ்வளவுதான் செலவு. பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் கொட்டாதீர்கள். உலர்த்திய விதையை மூட்டை கட்டி அடுத்த பட்டத்துக்கு வைக்கக் கூடாது, அதன் ஆயுள் குறைந்துவிடும். முக்கியமாக, ஊறவைப்பது நல்ல தண்ணீரில். உப்புப் போர் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்பவர்கள் உண்டு.

இது நாற்றுப் பருவத்துக்கான உதவி. நெல் உப்புக்கு மறுபடி பயப்படுவது கதிர் உருவாகிப் பூக்கும்போது. 135 நாள் ரகத்தைப் புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் பூ தை மாதத்தில் வரும். மார்கழியில் மழை ஏமாற்றினால் உப்பு மேலே ஏறி நிற்கும். மூன்று மாதத்துக்கு முன் ஊறிய விதை அப்போது கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே உதவுவது ரகமும், வரப்பை உயர்த்தி ஐப்பசி மழையைத் தேக்கி வடிகாலில் உப்பை வெளியேற்றுவதும்தான். உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் உப்பைத் தாங்கும் குழியடிச்சான் ரகத்தைப் பற்றிக் கேளுங்கள்.

மண்ணைச் சோதிக்காமல் ஜிப்சம் வாங்காதீர்கள். அது சோடியம் மிகுந்த களருக்கு மருந்து. வெறும் உவருக்கு வீண் செலவு. வெள்ளைப் பூப்பு உவரைக் காட்டுகிறது, ஆனால் கடலோரத்தில் இரண்டும் கலந்தும் வரும். மண் சோதனை அறிக்கையில் மின்கடத்துத்திறனை எப்படி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். நெல் விளைச்சல் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸிலிருந்தே இறங்கும், அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீதம் போகும் என்ற கணக்கு மண்ணைக் குழைத்து வடித்த சாற்றுக்கானது. ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்தால் எண் வெகுவாகக் குறைந்து தெரியும். அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

பாக்கெட்டைப் பற்றி: உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்று அச்சிடாததை வாங்காதீர்கள். அச்சிட்டிருந்தால் ஒரு பாக்கெட் மட்டும் வாங்கி, உவர்த் திட்டையும் நல்ல இடத்தையும் சேர்த்து ஓடும்படி நான்கு பட்டைகள் விதையுங்கள்: காய்ந்த விதை, வெறும் தண்ணீரில் ஊறி உலர்ந்தது, பொட்டாஷில் ஊறியது, பாக்கெட்டில் ஊறியது. 25ஆம் நாள் உயிரோடு நிற்கும் நாற்றை எண்ணுங்கள். கடைக்காரர் காய்ந்த விதையோடு ஒப்பிட்டுக் காட்டுவார். நீங்கள் தண்ணீரில் ஊறியதோடு ஒப்பிடுங்கள்.