புண் ஆறினால் நோய் போய்விட்டதா?

லுனாஸ், பாடாங் செராய், பீடோங் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் இன்று கூலிம், சுங்கைப் பட்டாணி தொழிற்சாலைகளில் வேலை செய்து, வாடகை அறையில் தங்குகிறார்கள். பால்வினை நோய் பற்றி அவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் கூட்டாளிகளின் பேச்சுதான். அதில் மிக மோசமானது, “தானாகவே சரியாயிடுச்சு” என்பது.

சிபிலிஸ் தொற்றினால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் பிறப்புறுப்பிலோ வாயிலோ ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. மருந்தில்லாமலே ஆறியும்விடும். ஆனால் கிருமி உடம்பைவிட்டுப் போயிருக்காது. பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்புகள் வந்து மறையலாம். பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். ஆரம்பத்திலேயே சிகிச்சைக்கு வந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் இது! கிளமிடியா இன்னும் ஏமாற்றும்: பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது, கருக்குழாய் மட்டும் கெட்டுப்போகலாம். அடுத்தவர் மிச்சம் வைத்த மாத்திரையை விழுங்காதீர்கள். மேகவெட்டைக் கிருமி பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இப்போது அடங்குவதில்லை.

“கிளினிக்கில் தெரிந்த அக்கா யாராவது பார்த்துவிட்டால்?” இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அடுத்த ஊர் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு டாக்டரைப் பார்க்க 1 ரிங்கிட்தான். முகப்பில் விவரம் சொல்ல வேண்டியதில்லை. “ஹால் பெரிபாடி (சொந்த விஷயம்), டாக்டரிடம் பேசணும்” என்றால் போதும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கலாம். அம்மாவிடம் சொல்லத் தயங்கினால், அத்தையையோ ஆசிரியரையோ துணைக்கு வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இதே கிளினிக்குகளில் எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். தாயிடமிருந்து சேய்க்கு இவை தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் மலேசியாவை அங்கீகரித்ததற்கு அந்தப் பரிசோதனை முக்கியக் காரணம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது கூசாமல் கொடுத்த ரத்தத்தை, அந்தப் பிள்ளை வளர்ந்து கொடுக்கும்போது மட்டும் அவமானம் என்பது என்ன நியாயம்? 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் 2010 முதல் போடப்படும் எச்.பி.வி. (இதுவும் உடலுறவில் தொற்றும் கிருமிதான்) தடுப்பூசிக்கும் தயங்காமல் சம்மதம் கொடுங்கள்.

ஆணுறை கிழிந்துவிட்டதா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள். உடனே எடுக்கும் சோதனையில் தொற்று தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். சிபிலிஸ், கிளமிடியா போன்ற நோய் உறுதியானால் துணையையும் அழைத்துப் போங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால், மற்றவரிடமிருந்து அது திரும்பவும் தொற்றலாம்.