பனிக்காலத்துக்கு முன் த்ரீவீலைக் கவனிப்போம்

நமது தோட்டங்களில் இன்று லயத்துக்கு லயம் ஒரு த்ரீவீலாவது நிற்கிறது. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போன காலத்தை நமது பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது இரவில் பிள்ளைக்கு வலிப்பு என்றாலும், மருமகளுக்குப் பிரசவ வலி என்றாலும் நாம் முதலில் தட்டுவது த்ரீவீல் வைத்திருக்கும் தம்பியின் கதவைத்தான். ஆகவே அந்த வண்டி ஒரு வீட்டுச் சொத்து மட்டுமல்ல. பனியிலும் மழையிலும் அது ஓடுமா, நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்பது லயத்தில் உள்ள எல்லாருக்கும் வேண்டிய விஷயம்.

இதை எழுதத் தூண்டிய சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு டிசம்பர் இரவு, பதினொரு மணி இருக்கும். பிரசவ வலி கண்ட ஒரு பிள்ளையையும் அவளுடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோட்டப் பாதையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன்னமே வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மழை விடவில்லை. தம்பி லீவரை இழுத்து இழுத்துப் பார்த்துக் கை சோர்ந்துவிட்டார். “என்ன தம்பி, பெற்றோல் இல்லையா?” என்று கேட்டேன். “பெற்றோல் நிறைய இருக்கு ஐயா, என்னமோ தெரியல” என்றார். கடைசியில் பார்த்தால் பிளக்கின் மேல் போடுகிற ரப்பர் மூடி வெடித்து, அதற்குள் தண்ணீர் போயிருந்தது. என் சால்வையால் துடைத்து, மூடியைக் காயவைத்து மாட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. நாற்பது நிமிடம் போய்விட்டது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் அந்தத் தாயார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்த மூடியின் விலை மிகச் சொற்பம்.

மே மாதம் முதல் வருகிற தென்மேற்கு மழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவ மழை பதுளை, பசறை, உடப்புசல்லாவை பக்கம் பலமாக இருக்கும். அதே மாதங்களில் வானம் வெளுத்த இரவுகளில் நுவரெலியா, அக்கரப்பத்தனை பக்கம் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி கிடக்கும். எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் ஒக்டோபர், நவம்பரில் வண்டியை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது. தீபாவளி அட்வான்ஸ் கையில் வருகிற காலமும் அதுதான். அந்தக் காசில் முதலில் பாட்டுப்பெட்டியும் கலர் லைட்டும் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பிரேக், பிறகு பாட்டு.

பிரேக்

நமது ஊரில் ஓடுகிற த்ரீவீல்களில் காலால் மிதிக்கிற பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. மிதித்தவுடன் மாஸ்டர் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. அது ஒவ்வொரு சில்லிலும் உள்ள சிறிய பம்பைத் தள்ள, டிரம்முக்குள் இருக்கிற பிரேக் ஷூ விரிந்து உரசுகிறது. இந்தப் பிரேக் ஒயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது மெல்ல மெல்லக் குடித்துவிடும். நமது மலைநாட்டில் ஈரத்துக்குப் பஞ்சமா? டொட் 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 பாகை வரைக்கும் இறங்கிவிடலாம். ரம்பொடை இறக்கம் போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் கொதிக்கும், ஒயிலும் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. அதனால் பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. “ஒண்ணுமே பிடிக்கல ஐயா, பிறகு கொஞ்ச நேரத்துல சரியாப் போச்சு” என்று சிலர் சொல்வது இதைத்தான். சரியாகப் போகவில்லை, சூடு ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் மேலே ஊற்றிவிடுவது மாற்றியதாகாது. அவசரத்துக்கு என்று என்ஜின் ஒயிலை அதில் ஊற்றவே கூடாது. பம்பின் உள்ளே உள்ள ரப்பர் ஊதிப்போய் முழு பிரேக்கும் கெட்டுவிடும்.

பிரேக்கைக் கழற்றி வேலை செய்வது கராஜ் பாஸின் வேலை. ஆனால் பரிசோதிப்பது நமது வேலை, அதற்குக் காசு தேவையில்லை. லயத்து வாசலில் வண்டியை நிறுத்தி பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்தமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். சில்லின் உள்பக்கத்தில் எண்ணெய் வழிந்த ஈரம் தெரிந்தால் சில்லுப் பம்ப் ஒழுகுகிறது. ஓடும்போது பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், மற்றப் பக்கத்து ஷூ நனைந்திருக்கிறது அல்லது இறுகியிருக்கிறது. இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஹயர் போகாதீர்கள். ஒரு நாள் வருமானம் போகும், லீசிங் காசு கட்ட வேண்டிய திகதியும் நெருங்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் போகாதீர்கள்.

ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போய் சில நேரம் பிரேக் பிடிக்காது. ஏறியவுடன் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக நாலைந்து முறை மிதித்து உரசவிட்டால் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் என்று என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டி வருகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. மிச்சமாவது ஒரு தேத்தண்ணிக் காசு கூட இல்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் த்ரீவீலும் மோதி 7 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மூன்று சில்லின் கணக்கு

மூன்று கால் முக்காலியில் உட்கார்ந்து ஒரு மூலைக்குச் சாய்ந்து பாருங்கள். கால் உள்ள பக்கம் சாய்ந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு காலுக்கு நடுவில் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். த்ரீவீலும் அப்படித்தான். வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. பிரேக் போட்டால் பாரம் முன்னுக்குப் போகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பாரம் முன்பக்கத்து மூலைக்குப் போகும். அந்த மூலையில் சில்லே இல்லை. ஆகவே பாதை நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்ப வேண்டும். கூரைக்கு மேல் இரும்புக் கம்பியில் கெரியர் அடித்து உர மூட்டையும் மரக்கறி மூட்டையும் ஏற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதே மூட்டை தரையில் இருந்தால் வண்டி நிற்கும், தலைக்கு மேல் இருந்தால் கவிழும். உர மூட்டை ஏற்றினால் அன்றைக்கே தரைத் தகட்டைக் கழுவிவிடுங்கள். உரமும் ஈரமும் சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும்.

பின் சீட்டில் மூன்று பேர் என்பது சட்டம். பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பத்துப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிற வண்டியில் “நம்ம பிள்ளையும் ஒரு ஓரமாப் போகட்டும்” என்று ஏற்றிவிட வேண்டாம்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல டயரை முன்னுக்குப் போடுங்கள். முன்னால் இருப்பது ஒரே சில்லு. அது வெடித்தால் திருப்புவதற்கு வேறு சில்லு கிடையாது. கட்டை தட்டிய டயர் காய்ந்த பாதையில் ஓடும், ஈரப் பாசியில் வழுக்கும்.

விடியற்காலை ஸ்டார்ட்

பெரட்டுக்கு முன் ஐந்து மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இந்த மாதங்களில் அடிக்கடி முறைப்பாடு வரும். குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாவதில்லை, ஒயிலும் தடித்துவிடும். சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மறக்காமல் சோக்கைத் திருப்பி விட வேண்டும். ஸ்டார்ட் ஆனவுடன் முறுக்காமல் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். இரவில் தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால் உள்ளே பனி பிடித்துத் தண்ணீர் சேரும். ஆகவே முடிந்தவர்கள் மாலையிலேயே அடித்து வைக்கலாம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கொழும்பை விட ஆறில் ஒரு பங்கு அளவு ஐதானது. கொழும்பில் டியூன் பண்ணிய காபரேட்டர் வண்டி இங்கே வந்தால் காற்று குறைந்து பெற்றோல் கூடிவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் அதுதான் அடையாளம், மண்ணிறமாக இருந்தால் நல்லது. காற்று வடிகட்டி அழுக்கானாலும் இப்படித்தான் வரும். அதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு இந்தப் பக்கத்து பாஸிடம் காட்டி டியூன் பண்ணுங்கள். கம்பியை விட்டு ஜெட்டைக் குத்துவது கூடாது. துவாரம் பெரிதாகி, அதற்குப் பிறகு பெற்றோல் குடிப்பது குறையவே குறையாது. 2008க்குப் பிறகு இரண்டு ஸ்ட்ரோக் வண்டி நாட்டுக்கு இறக்கப்படவில்லை. பழையது இன்னும் வைத்திருப்பவர்கள் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் அளவில் 2டீ ஒயில் கலக்க வேண்டும். குளிர் என்று கூட ஊற்றினால் புகைதான் மிச்சம்.

பெட்டரித் தலையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் கம்பிகளைக் கழற்றி, சுடுதண்ணீரில் கொஞ்சம் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, மாட்டிய பிறகு வஸலின் பூசுங்கள். எக்சலேட்டர், கிளச், கியர் கேபிள்களுக்குள் தண்ணீரும் மண்ணும் போனால் இறுகும். முறுக்கிய எக்சலேட்டர் திரும்பி வராமல் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விட்டவுடன் அது தானாகத் திரும்ப வேண்டும். பிளக் மூடிக்கு, மேலே சொன்ன இரவுக்குப் பிறகு அந்தத் தம்பி புது மூடி வாங்கி, அதன் மேல் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை வெட்டி உறை மாதிரிப் போட்டிருக்கிறார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, நிற்கவில்லை.

படங்கும் கண்ணாடியும் புகையும்

பக்கத்துக்குப் படங்குத் திரையோ, பலகைச் சட்டத்தில் ரெக்சின் அடித்த கதவோ வீட்டிலேயே செய்து போடுகிறார்கள். நல்ல வேலை, பிள்ளைத்தாய்ச்சிக்கும் நோயாளிக்கும் குளிர் அடிக்காது. ஆனால் ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதை அது மறைக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் ஒரு கையால் தள்ளித் திறக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டிய கதவு, வண்டி கவிழ்ந்தால் திறக்காது.

திரை போட்டால் உள்ளே மூச்சுக்காற்று பட்டு முன் கண்ணாடி மங்கும். வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்த்துத் துடைத்தால் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும் என்பது நம்மவர் கைவைத்தியம். செய்யலாம், ஆனால் கிழிந்த வைப்பர் ரப்பருக்கு அது பதில் ஆகாது. மூடுபனியில் ஹெட் லைட்டைத் தூக்கிப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். தாழ்த்திப் போடுங்கள். பின்னால் சிவப்பு ஒளிதெறிக்கும் நாடா இரண்டு துண்டு ஒட்டினால் பின்னால் வருகிற பஸ்காரருக்குத் தெரியும்.

இதை வீட்டில் எல்லாரும் கவனமாகக் கேட்க வேண்டும். லயத்துச் சுவரோடு தகரம் சாய்த்து வண்டிக்குக் கொட்டகை போட்டிருக்கிறோம். குளிர் என்று படங்கை இறக்கி மூடிவிட்டு அதற்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. சைலன்சர் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற நஞ்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவர் இடுக்கு வழியாக அது காம்பராவுக்குள் போனால் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே வெளியே தூக்கி வந்து காற்றுப்பட வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியை வெளியே தள்ளி எடுத்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கேனில் நிரப்பிக் காம்பராவுக்குள் வைக்கிற பழக்கம் சிலருக்கு வந்தது. அது இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அடுப்பு எரிகிற வீட்டுக்குள் பெற்றோல் கேன் இருக்கவே கூடாது.

கடைசியாக, சீட்டுக்குக் கீழே ஒரு பை வையுங்கள். புது பிளக் ஒன்று, பிளக் சாவி, கிளச் கேபிள் ஒன்று, டோர்ச் லைட், நைலோன் கயிறு, பொலித்தீன் உறையில் சுற்றிய காய்ந்த துணி இரண்டு. பிள்ளைகள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு விளையாடப் போவார்கள், ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை பையைத் திறந்து பாருங்கள்.