தோற்ற வாக்கெடுப்புக்குப் பிறகு

அன்பின் பிள்ளைக்கு,

நகரசபையில் நீர் கொண்டுவந்த முதல் பிரேரணை தோற்றுப்போனதையும், அடுத்த தேர்தலில் நிற்பதா விடுவதா என்று நீர் யோசிப்பதையும் அறிந்தேன். முடிவெடுக்க முன்னர் ரூத் டிரைஃபுஸ் அம்மையாரின் அரசியல் வாழ்வை ஒருமுறை ஊன்றிப் பாரும். சுவிசின் முதல் பெண் சனாதிபதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர். நான் எழுத வந்தது அந்தப் பெருமையைப் பற்றி அல்ல. சனாதிபதியாக இருந்த அதே 1999இல் அவர் அடைந்த தோல்வியைப் பற்றி.

அவர் பதவிக்கு வந்த விதமே சிக்கலானது. 1993 மார்ச் 3ஆம் திகதி சமூக சனநாயகக் கட்சி மத்திய அமைச்சரவைக்கு நிறுத்திய கிறிஸ்தியான் புருன்னர் என்ற பெண்ணை விட்டுவிட்டு, அதே கட்சியின் ஆணான பிரான்சிஸ் மத்தேயைப் பாராளுமன்றம் தெரிவுசெய்தது. பெண்கள் பேர்ணில் பாராளுமன்றத்துக்கு முன்னால் திரண்டார்கள். ஒரு வாரத்தில் மத்தே பதவியை மறுக்க, தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்த டிரைஃபுஸ் தெரிவானார். மற்றவர்களின் இழுபறியில் கிடைத்த நாற்காலி அது. அதில் அமர்ந்து என்ன செய்தார் என்பதுதான் கணக்கு.

எல்லோருக்கும் கட்டாயமான கிராங்கன்காசா எனும் மருத்துவக் காப்புறுதி 1994 வாக்கெடுப்பில் மயிரிழையில் தப்பி, 1996இல் நடைமுறைக்கு வந்தது. மாதக் கட்டணம் ஏறியபோது சனங்களின் கோபத்துக்கு அந்தத் துறையின் அமைச்சரான அவரே முகங்கொடுத்தார். பெண்களின் ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் விதியைப் பாராளுமன்றம் ஓய்வூதியத் திருத்தச் சட்டத்தில் சேர்த்தபோது, தொழிற்சங்கத்தவர் பலர் எதிர்க்க, 1995இல் அந்தச் சட்டத்தை அவர்தான் மேடைகளில் காத்துப் பேசவேண்டியிருந்தது. பிள்ளை வளர்த்த வருடங்களுக்கும் ஓய்வூதியக் கணக்கில் மதிப்புத் தரும் விதி அதே சட்டத்தில்தான் இருந்தது. ஒன்றை ஏற்றால்தான் மற்றது கிடைக்கும். இந்த நாட்டில் அமைச்சர்கள் ஏழு பேரும் ஒரே குரலில் பேசவேண்டியவர்கள். உள்ளே தோற்றவரும் வெளியே வந்து அந்த முடிவுக்காக வாதாடவேண்டும். இது கோழைத்தனம் என்று உம்முடைய வயதில் தோன்றும். எனக்கு இது மிகக் கடினமான நேர்மையாகத் தெரிகிறது.

இனி அந்தத் தோல்வி. மகப்பேற்றுக் காப்புறுதி கொண்டுவர 1945இலேயே அரசியல் யாப்பில் இடம் செய்துவைத்தார்கள். சட்டம் மட்டும் வரவில்லை. 1984இலும் 1987இலும் மக்கள் மறுத்தார்கள். டிரைஃபுஸ் கொண்டுவந்த சட்டம் வேலைக்குப் போகாத தாய்மாருக்கும் ஒரு தொகை தருவதாக இருந்தது. 1999 யூனில் 61 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். நாட்டின் உச்சப் பதவியில் ஒரு பெண் இருந்தும், அவருடைய மனதுக்கு மிக நெருக்கமான சட்டம் வீழ்ந்தது.

அவர் பதவியை வீசிவிட்டுப் போகவில்லை. 2002 முடிவுவரை இருந்தார். அதற்கிடையில் நான்கு கட்சிகளின் உறுப்பினர்கள் வேறொரு வழி கண்டார்கள். இராணுவ சேவைக்குப் போகிறவர்களுக்குச் சம்பள இழப்பை ஈடுசெய்யும் நிதி ஒன்று இருந்தது. வேலைசெய்யும் பெண்களும் அதற்குப் பணம் கட்டிவந்தார்கள், தாய்மைக்கு அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்காமல். அந்த நிதியிலிருந்தே கொடுப்போம் என்றார்கள். அதை முன்னின்று கொண்டுவந்தவர் சிறுதொழில் முதலாளிகளின் சங்கத்து இயக்குநர் பியேர் திரிபோனே. 2004 செப்டெம்பரில் 55 வீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. 2005 யூலை தொடக்கம் 14 வாரம், சம்பளத்தில் 80 வீதம். வேலைக்குப் போகாத தாய்மார் விடுபட்டுப் போனார்கள். அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனாலும் இங்கே துப்புரவு வேலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்ற எத்தனையோ எங்கள் பெண்கள் பிள்ளை பெற்று வீட்டிலிருந்த காலத்துக்கு அந்தப் பணம் வந்தது.

டிரைஃபுஸ் தோற்றிராவிட்டால் திரிபோனேக்கு அந்த வழி தேவைப்பட்டிராது. வென்ற சட்டத்தில் டிரைஃபுஸின் கையொப்பம் இல்லை. இப்படி முடிவதை உம்மால் தாங்க முடியுமா என்று உம்மையே கேட்டுப்பாரும். முடியும் என்றால் இந்த வேலை உமக்கு ஏற்றது.

உம்முடைய பிரேரணைக்கு எதிராகக் கையுயர்த்தியவர்களில் நியாயமாகப் பேசக்கூடிய ஒருவரை இந்த வாரமே சந்தியும். எந்த வரி அவருக்கு ஒத்துவரவில்லை என்று கேளும், கேட்டதை எழுதிவையும். விலகுவதைப் பற்றிய யோசனையை அதன் பிறகு வைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
மாமா